ஆய்வு ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்க இலக்கணம் எவ்வளவு, சொல் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஆய்வறிக்கையும் கட்டுரையும் எழுதச் சொல்லிக்கொடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றை மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். பதில்கள் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றை உட்கார்ந்து பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

முதலில் இலக்கணத்தை முழுதாக முடித்துவிட்டு, அப்புறம் எழுத வைக்கலாமா?

வேண்டாம். அந்த 'அப்புறம்' வரவே வராது. பள்ளியில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இலக்கணம் படித்துவிட்டு வந்தவர்கள்தான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே போடுவார்கள். அதே மாணவர் அரை மணி நேரம் கழித்துத் தன் ஆய்வைப் பற்றி ஒரு பத்தி எழுதும்போது 'மெனி ரிசர்ச்சஸ் ஷோஸ்' என்று எழுதுவார். விதி அவருக்குத் தெரியும். பயிற்சித்தாளில் அந்தக் கோடே 'இங்கே பார்' என்று கையைக் காட்டிவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது கையைக் காட்ட ஆளில்லை. எதைச் சொல்வது, எதற்கு அடுத்து எதை வைப்பது என்பதிலேயே மனம் முழுக்கப் போய்விடுகிறது.

ஆங்கிலச் சூழலில் படிக்கும் பள்ளி மாணவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். கல்வி ஆய்வாளர்கள் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரெஸ் பெரினும் 2007-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தியதால் மாணவர்களின் எழுத்து மேம்படவில்லை என்று தெரிந்தது. சின்னச் சின்ன வாக்கியங்களைச் சேர்த்து ஒரே வாக்கியமாக்கும் பயிற்சியால் மேம்பட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டாவதும் இலக்கணப் பயிற்சிதான். மாணவர் அதைக் கையில் எடுத்து ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறார், அவ்வளவே வேறுபாடு.

அப்படியென்றால் இலக்கணம் நடத்தவே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ஆங்கிலம் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு 'இது இடிக்கிறதே' என்று தானாகத் தோன்றும். நம் மாணவருக்கு அந்தக் காது இல்லை. அதன் இடத்தில் வெளிப்படையான விளக்கம் வேண்டியிருக்கிறது. அந்த விளக்கத்தை எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

என் வழக்கம் இது. முன்பு மற்றவர்கள் செய்த ஆய்வுகளைப் பற்றி எழுதும் பகுதி வரும் வரைக்கும் காலங்களைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அந்தப் பகுதி வந்ததும் மூன்று வடிவங்களைப் பலகையில் எழுதுவேன்: 'ஃபவுண்ட்', 'ஹேவ் ஃபவுண்ட்', 'ஆர்கியூஸ்'. ஒருவர் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் ஓர் ஆய்வு செய்து ஒன்றைக் கண்டார், அது நடந்து முடிந்த கதை என்றால் முதலாவது. பலர் கண்டிருக்கிறார்கள், அந்த முடிவு இன்றைக்கும் என் ஆய்வுக்கு வேண்டும் என்றால் இரண்டாவது. ஒருவருடைய கருத்தை இப்போது மேசைமேல் வைத்து அதோடு விவாதிக்கப் போகிறேன் என்றால் மூன்றாவது. பள்ளியில் இறந்தகாலம், நிகழ்காலம் என்று கடிகாரத்தை வைத்துப் படித்தது, இங்கே அந்த ஆய்வுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்ற கணக்காக மாறிவிடுகிறது. இருபது நிமிஷப் பாடம். அடுத்த இருபது நிமிஷத்தில் அவரவர் தம் பத்தியில் இருக்கும் வினைச்சொற்களை எடுத்து, ஏன் அந்தக் காலம் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

எந்தெந்த இலக்கணத்துக்கு முதலிடம் கொடுப்பது?

பெயர்த்தொடருக்கு, அதாவது ஒரு பெயர்ச்சொல்லும் அதைச் சுற்றி வரும் அடைகளும் சேர்ந்த தொடருக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆய்வு நடை என்றால் 'பிகாஸ்', 'ஆல்தோ' என்று கிளைவாக்கியமாகத் தொங்கிக்கொண்டே போகும் நீள வாக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். மொழியியலாளர் டக்ளஸ் பைபரும் அவருடன் வேலை செய்தவர்களும் பெரிய மொழித்தரவுகளை எண்ணிப் பார்த்து இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: கிளைவாக்கியம் அதிகம் வருவது பேச்சில். ஆய்வுக் கட்டுரையில் சுமை எல்லாம் பெயர்ச்சொல்லைச் சுற்றித்தான் ஏறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 'கடந்த பத்தாண்டுகளில் கடலோர நிலத்தடி நீரில் ஏற்பட்ட உப்புத்தன்மையின் உயர்வு'. தமிழில் அடைகள் எல்லாம் முன்னால் வரிசைகட்டி நிற்கின்றன. தலைச்சொல்லான 'உயர்வு' கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் 'தி ரைஸ் இன் தி சாலினிட்டி ஆஃப் கிரவுண்ட்வாட்டர் அலாங் தி கோஸ்ட் ஓவர் தி பாஸ்ட் டெகேட்'. தலைச்சொல் முதலில் வந்துவிட்டது, மற்றதெல்லாம் வால் போலப் பின்னால் வருகிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ். இதை ஒருமுறை பலகையில் மேலும் கீழுமாக எழுதி, அம்புக்குறி போட்டுக் காட்டினால் மாணவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். 'தலையைப் பிடித்து முன்னால் இழு' என்பது எங்கள் வகுப்பில் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது.

இன்னொரு தவறும் இதோடு தீரும். 'தி எஃபெக்ட் ஆஃப் ஹை டெம்பரேச்சர்ஸ் ஆன் என்சைம்ஸ்' என்று எழுதிவிட்டு 'ஆர்' போடுவார்கள், ஏனென்றால் வினைக்குப் பக்கத்தில் நிற்பது பன்மை. தலை எது என்று தேடப் பழகியவர் 'எஃபெக்ட்' ஒருமை என்று பார்த்து 'இஸ்' போடுவார். எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தை இன்னொரு தனி விதியாக நடத்த வேண்டியதில்லை.

அடுத்த இடம் வாக்கிய எல்லைக்கு. 'ஹவெவர்' என்ற சொல்லை 'பட்' போல நினைத்து, இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டிவிடுவது மிகப் பரவலான தவறு. ஒரே வகுப்பில் சொல்லிவிடலாம்.

'ஏ', 'அன்', 'தி' மட்டும் எத்தனை வருஷம் ஆனாலும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

தமிழில் அப்படி ஓர் உறுப்பே இல்லாததால். இருப்பதை மாற்றிப் போடுவது எளிது; இல்லாத ஒன்றை எங்கே போடுவது என்பது கடினம். சோர்ந்துபோக வேண்டாம் என்பதுதான் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது. இது கடைசியாக வசப்படும் சங்கதி.

வழக்கமாக 'ஒரு' என்றால் 'ஏ', 'அந்த' என்றால் 'தி' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி தூரம் போகும். இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். 'வி கண்டக்டட் எ சர்வே. தி சர்வே கவர்ட் 40 ஸ்கூல்ஸ். தி ரெஸ்பான்ஸ் ரேட் வாஸ் லோ.' முதல் இரண்டும் நம் வாய்பாட்டில் அடங்கும்: ஒரு சர்வே நடத்தினோம், அந்த சர்வேயில் 40 பள்ளிகள். மூன்றாவதில் உடைந்துவிடும். ரெஸ்பான்ஸ் ரேட்டைப் பற்றி இதற்கு முன் ஒரு சொல்கூட இல்லை. தமிழில் 'அந்த ரெஸ்பான்ஸ் ரேட்' என்று யாரும் சொல்லமாட்டோம். பிறகு ஏன் 'தி'? சர்வே என்று ஒன்று நடந்தால் அதற்கு ஒரு ரெஸ்பான்ஸ் ரேட் இருந்தே தீரும் என்பது படிப்பவருக்குத் தெரியும். எதைச் சொல்கிறேன் என்று அவரால் கண்டுபிடித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் உண்மையான சோதனை. முன்னாலேயே சொல்லியிருக்கிறேனா என்பது அதில் ஒரு வகை மட்டும்.

இதோடு எண்ணிக்கைச் சிக்கலும் வரும். சான்றுகள், தகவல்கள், கருவிகள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் 'எவிடன்சஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இவை தண்ணீர் மாதிரி, எண்ண முடியாதவை. 'ரிசர்ச்' அப்படித்தான்; எண்ணிச் சொல்ல வேண்டுமானால் 'ஸ்டடீஸ்'. இந்தப் பட்டியல் நீளமில்லை. உங்கள் துறையில் அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்?

அடித்தளம், ஆங்கிலத்தில் பொதுவாக அடிக்கடி வரும் சொற்கள்: மைக்கேல் வெஸ்ட் 1953-ல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் சுமார் 2000 சொற்குடும்பங்கள். ஒரு வேர்ச்சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம். அதைத் தாண்டி, ஆய்வு நூல்களில் துறைவேறுபாடின்றி அடிக்கடி வரும் சொற்களை நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் தொகுத்து 2000-ல் வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு புலங்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட தரவை அலசி எடுத்த 570 குடும்பங்கள். அவர் பார்த்த ஆய்வு நூல்களில் ஏறக்குறைய 10 சதவீதம் இந்தச் சொற்கள்தான். கதைகளில் வைத்துப் பார்த்தபோது 2 சதவீதம்கூடத் தேறவில்லை. ஆக, நாவல் படித்து இந்தச் சொற்களைச் சேர்ப்பது கஷ்டம். அதற்கு ஆய்வெழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

பட்டியல் நல்ல தொடக்கம். ஆனால் 570-ஐயும் உருப்போட வைக்கும் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன், பலன் பெரிதாக இல்லை. ஒரே சொல் துறைக்குத் துறை வேறு வேலை செய்கிறது. 'சிக்னிஃபிகன்ட்' என்று வரலாற்று மாணவர் எழுதினால் முக்கியமானது என்று பொருள். புள்ளியியல் வைத்து எழுதுபவர் அதை எழுதினால், ஒரு சோதனை செய்து பார்த்தேன், இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது என்று பொருள். சோதனையே செய்யாமல் அந்தச் சொல்லைப் போட்டால் கட்டுரையை மதிப்பிடுபவர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார். அதனால் பட்டியலை வைத்துக்கொண்டு, உங்கள் துறையில் வந்த நாலைந்து கட்டுரைகளில் அந்தச் சொற்கள் எப்படி வருகின்றன என்று மாணவர்களையே தேடவிடுங்கள்.

கடினமான சொல் போட்டால் மதிப்பெண் கூடும் என்கிறார்களே?

கூடாது. ஒருமுறை ஒரு மாணவர் 'ஷோஸ்' என்ற சொல் நாலு தடவை வந்துவிட்டது என்று பயந்து, ஒத்தசொல் அகராதியைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்தார். அதில் ஓர் இடத்தில் 'பிட்ரேஸ்' இருந்தது. அட்டவணை 3 காட்டுகிறது என்பது, அட்டவணை 3 காட்டிக்கொடுக்கிறது என்று ஆகியிருந்தது! ஆய்வெழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது குற்றமே இல்லை. கலைச்சொல் என்றால் மாற்றவே கூடாது. மாற்றினால் வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்குக் கால்பங்கு, இலக்கணத்துக்குக் கால்பங்கு. மீதிப் பாதி, கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கோவையாகச் சொன்னீர்களா என்பதற்குத்தான் போகிறது. சொல்வளத்துக்கான அந்தக் கால்பங்கிலும் பொருந்திய இடத்தில் பொருந்திய சொல்லைப் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள்.

இலக்கணத்துக்கு ஒரு வகுப்பு, சொல்லுக்கு ஒரு வகுப்பு என்று பிரிக்கலாமா?

பிரித்தால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது கீழே விழுந்துவிடும். பெரும்பாலான தவறுகள் அந்த நடுவில்தான் நடக்கின்றன.

தமிழில் பாருங்கள். 'நம்பு' என்ற வினை 'ஐ' கேட்கும்: அவனை நம்பினான். 'உதவு' என்பது 'கு' கேட்கும்: அவனுக்கு உதவினான். வினை தெரியும், வேற்றுமை தெரியாது என்று யாரும் தமிழைக் கற்பதில்லை. ஆங்கிலச் சொல்லும் அப்படித் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. 'டிஸ்கஸ் அபவுட்' என்ற தவறு எங்கிருந்து வருகிறது? 'அதைப் பற்றி விவாதித்தார்' என்ற தமிழிலிருந்து ஒரு பாதி. 'எ டிஸ்கஷன் அபவுட்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லிலிருந்து இன்னொரு பாதி. 'எம்ஃபசைஸ் ஆன்' இன்னும் சுவாரசியம். தமிழில் 'அதை வலியுறுத்தினார்' என்றுதான் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் 'ஆன்' கிடையாது. 'எம்ஃபசிஸ் ஆன்' என்ற பெயர்ச்சொல் கட்டமைப்பு வினைக்குள் கசிந்துவிட்டது. எல்லாத் தவறுக்கும் தாய்மொழிமேல் பழிபோடுபவர்களிடம் இதைத்தான் காட்டுவேன்.

அதனால் சொல்லை ஒற்றையாகக் கொடுக்காதீர்கள். நோட்டில் 'இன்க்ரீஸ்: அதிகரிப்பு' என்று எழுதுவது வீண். 'அன் இன்க்ரீஸ் இன் டிமாண்ட்', 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 5 பர்சென்ட்' என்று இரண்டு வரி எழுதவையுங்கள்: எது கூடியது என்றால் 'இன்', எவ்வளவு கூடியது என்றால் 'ஆஃப்'. 'ரிசர்ச்' என்று எழுதினால் கூடவே 'கண்டக்ட்', 'கேரி அவுட்' வரட்டும், 'மேக்' வராது என்பதும் தெரியட்டும்.

ஆய்வெழுத்து என்றால் எல்லாம் செயப்பாட்டுவினையில்தான் இருக்க வேண்டுமா?

இல்லை. 'தி சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட்' என்பது செய்முறைப் பகுதிக்குப் பொருந்தும், யார் சூடாக்கினார் என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. நீங்கள் ஒரு கருத்தை முன்வைக்கும் இடத்தில் 'வி ஆர்கியூ' என்பது பல துறைகளில் இன்று சாதாரணம். எந்த இதழுக்கு எழுதுகிறீர்களோ அதன் அண்மைக் கட்டுரைகளைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

மாணவர் எழுதுவது எல்லாம் அடித்துச் சொல்வது போல இருக்கிறது. இது இலக்கணக் குறையா, சொற்குறையா?

இரண்டும்தான். 'திஸ் ப்ரூவ்ஸ்' என்று எழுதுவார்கள். முப்பது பேரிடம் கேட்டு எதையும் நிரூபிக்க முடியாது. இந்த இடத்தில் தமிழையே துணைக்கு அழையுங்கள். 'எனலாம்', 'எனத் தோன்றுகிறது', 'போலும்', 'பெரும்பாலும்' என்று உறுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் வழிகள் நமக்கு ஏராளம். ஆங்கிலத்தில் அதே ஏணி: 'ஷோஸ்', 'சஜஸ்ட்ஸ்', 'மே சஜஸ்ட்'. மாணவருடைய முடிவுப் பகுதியில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'உன்னிடம் இதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது?' என்று கேளுங்கள். பதிலைத் தமிழில் சொல்லட்டும். அந்தத் தமிழ் வாக்கியத்தின் உறுதிக்குச் சமமான படியை ஆங்கில ஏணியில் தேடிப் பிடிக்கட்டும். சிலர் மறுகோடிக்குப் போய் 'இட் மே பாசிப்ளி சஜஸ்ட்' என்று மூன்று பாதுகாப்புக் கவசம் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று போதும் என்று கழற்றிவிட வேண்டும்.

கண்ணில் பட்ட தவறை எல்லாம் திருத்த வேண்டுமா?

இது பெரிய சண்டை. எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தமே பயனற்றது, கைவிட்டுவிடலாம் என்று ஜான் ட்ரஸ்காட் 1996-ல் எழுதினார். 1999-ல் டானா ஃபெரிஸ் மறுத்தார்: தெளிவாகவும் தேர்ந்தெடுத்தும் செய்தால் பயன் உண்டு, அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன.

நான் ஃபெரிஸ் பக்கம். முதல் வரைவில் மொழியைத் தொடவே மாட்டேன். வாதம் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். நாளைக்கு வெட்டப்போகும் பத்திக்கு இன்று காற்புள்ளி திருத்துவது இரண்டு பேருக்கும் நேர விரயம். இரண்டாவது வரைவில் இரண்டே வகைத் தவறைத் தேர்ந்தெடுத்து, முதல் பக்கத்தில் மட்டும் அடிக்கோடு போட்டுக் கொடுப்பேன். சரியான வடிவத்தை எழுதித் தருவதில்லை. மீதிப் பக்கங்களில் அதே வகையை மாணவரே தேட வேண்டும். சிவப்பு மையில் குளித்த தாளை வாங்கியவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்தாயிற்று.

ஆயத்தத் தொடர்களைக் கொடுக்கலாமா? அது நகலெடுப்பது ஆகாதா?

'தேர் இஸ் லிட்டில் ரிசர்ச் ஆன்' என்பது யாருக்கும் சொந்தமில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மோர்லி உருவாக்கிய தொடர் வங்கி இப்படிப்பட்டவற்றைத்தான் வேலைவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. எலும்பை எடுத்துக்கொள்ளலாம், சதை உங்களுடையதாக இருக்க வேண்டும். அறிமுகப் பகுதிக்கு ஜான் ஸ்வேல்ஸ் 1990-ல் சொன்ன மூன்று நகர்வுகள் உண்டு: களத்தைக் காட்டு, அதில் உள்ள வெற்றிடத்தைக் காட்டு, அதை நான் நிரப்புகிறேன் என்று சொல். ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு மூன்று தொடர்கள் கொடுத்தால் போதும். அதற்குமேல் கொடுத்தால் கட்டுரை முழுக்கத் தோரணமாகத் தொங்கும்.

இலக்கணத்தைத்தான் கணினியே திருத்திவிடுகிறதே?

'ஷோஸ்' என்பதை 'ஷோ' ஆக்கும், சரி. 'ஏ' வேண்டுமா 'தி' வேண்டுமா என்பது படிப்பவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. அங்கே கருவி ஊகிக்கத்தான் முடியும். சில சமயம் 'சஜஸ்ட்ஸ்' என்பதை எடுத்துவிட்டு இன்னும் உறுதியான சொல்லைப் பரிந்துரைக்கும். ஏற்றுக்கொண்டால் உங்கள் முடிவே மாறிவிடும். என் வகுப்பில் ஒரு நிபந்தனை: கருவி சொன்ன திருத்தம் ஏன் சரி என்று சொல்ல முடிந்தால் ஏற்கலாம்.

மாணவர் முன்னேறுகிறாரா என்று எப்படித் தெரியும்?

தவறுகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். பருவத் தொடக்கத்தில் 'டெம்பரேச்சர் ரோஸ். க்ராப்ஸ் ஃபெயில்ட்.' என்று பிழையில்லாமல் எழுதியவர், மூன்று மாதம் கழித்து 'தி ரைஸ் இன் டெம்பரேச்சர் லெட் டு தி ஃபெய்லியர் ஆஃப் தி க்ராப்ஸ்' என்ற வகை வாக்கியத்தை முயன்று, 'ரைஸ்'ஸுக்கு முன்னால் 'தி' போடாமல் விட்டிருப்பார், 'லெட்'டுக்குப் பின்னால் 'டு' போடாமல் விட்டிருப்பார். எண்ணிக்கையில் பார்த்தால் பூஜ்யத்திலிருந்து இரண்டு. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளைப் பெயர்களாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று விளைந்தது என்று ஒரே வாக்கியத்துக்குள் சொல்லக் கற்றிருக்கிறார். நான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்த்தொடர்களுக்கு மட்டும் பச்சை மையில் அடிக்கோடு போட்டு அவரிடமே கொடுத்துவிடுவேன்.